வலது காதுப் புல்லாங்குழல்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஓடுகிற தனியார் பஸ்ஸில் சனங்கள் நேரத்தைப் பார்த்து ஏறுகிறார்கள் என்று நினைப்பவர் நிச்சயம் வெளியூர்க்காரர். பாட்டைப் பார்த்துத்தான் ஏறுகிறார்கள். முன்னால் நிற்கிற வண்டி புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருக்கும், உள்ளே சீட்டும் காலியாக இருக்கும். ஆனாலும் காலேஜ் பெண்கள், "அதுல பாட்டு நல்லாருக்காதுடி" என்று பின்னால் வருகிற வண்டிக்குக் காத்திருப்பார்கள். காலேஜ் பெண்களை மட்டும் சொல்வானேன், பெரியப்பட்டில் ஏறுகிற மீன்கூடைக்காரம்மாவும் அப்படித்தான். ஆகவே இந்த வழித்தடத்தில் டிரைவராக இருக்கிறவருக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது.

'அலைமகள்' பஸ்ஸின் டிரைவர் தங்கராசு இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில் வீடு, மனைவி மங்கலம், ஓசூரில் வேலை பார்க்கிற ஒரே மகள் பவானி, சட்டைப்பையில் ஒரு பென்டிரைவ். இதுதான் அவருடைய சொத்து. எந்த இடத்தில் எந்தப் பாட்டு என்பதற்கு அவரிடம் சட்டமே இருந்தது. புறப்படும்போது ஒரு சாமி பாட்டு. ஆலப்பாக்கம் தாண்டினால் மெலடி. வெள்ளாற்றுப் பாலத்தின்மேல் மட்டும் சோகப் பாட்டு கூடாது. "ஆத்துக்கு மேல அழுவக்கூடாது" என்பார். ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது.

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் சார்லஸ் வந்து கல்லைப் போட்டார். சார்லஸ் சிதம்பரத்தில் ஒரு வங்கியில் வேலை பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர். தினமும் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து வருவார். ஒருநாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டார்.

"அண்ணே, நல்ல நல்ல பாட்டா போடுறீங்க. ஆனா பென்டிரைவ்ல போட்டு சாவடிக்கிறீங்க. இதெல்லாம் சத்தத்த அமுக்கி, காயவெச்சு, சின்னதா ஆக்குனது. கருவாடு மாதிரி. லாஸ்லெஸ்ஸுன்னு ஒண்ணு இருக்கு. அது இப்பதான் வலையிலேருந்து எடுத்த மீனு."

"எனக்குக் கருவாடு புடிக்கும் சார்" என்றார் தங்கராசு.

சார்லஸ் விடவில்லை. அப்போது ஓடிக்கொண்டிருந்தது எண்பதுகளில் வந்த ஒரு மெலடி. தங்கராசுவுக்கு உயிர். "இதுல ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி இடது பக்கம் ஒரு வயலின் கேள்வி கேக்கும். வலது பக்கம் புல்லாங்குழல் அதுக்குப் பதில் சொல்லும். கேட்டுருக்கீங்களா?"

தங்கராசுவுக்குச் சுருக்கென்றது. கல்யாணமான புதிதில் மங்கலத்துக்குப் பாடிக் காட்டிய பாட்டு அது. வயலினைத் தெரியும். பதில் சொல்கிற புல்லாங்குழலை அவர் சமீபத்தில் கேட்டதாகவே நினைவில்லை. சொந்த வீட்டில் ஓர் அறை இருக்கிறது, உனக்குத்தான் தெரியாது என்று பக்கத்து வீட்டுக்காரன் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. அந்தக் குழலைக் கேட்டே தீர்வது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

பவானி ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய சின்ன டேப்லெட் ஒன்று மூலையில் கீறலோடு பீரோமேல் கிடந்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு. சார்லஸ் ஒரு ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்கே வந்து அதைத் துடைத்து, தேவையில்லாததையெல்லாம் அழித்து, பாட்டுக்கு மாதச் சந்தா கட்டுகிற ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். செட்டிங்ஸில் போய், இருப்பதிலேயே உயர்ந்த தரத்தில் வைத்தார். புதுச்சத்திரம் பக்கம் சிக்னல் போய்விடும் என்பதால் பாட்டுகளை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளச் சொன்னார். டேப்லெட்டில் நேராக ஹெட்போனைச் சொருகக் கூடாதாம். நடுவில் தீப்பெட்டி அளவுக்கு 'டாக்' என்று ஒரு டப்பா வேண்டுமாம். அதுதான் பாட்டைச் சுத்தம் பண்ணி அனுப்புமாம். கண்டக்டர் சின்னையன் இதைக் கேட்டுவிட்டு, "பாட்டுக்குக்கூட பில்டரா அண்ணே?" என்றான்.

டேப்லெட் பஸ்ஸுக்குள் குடியேறியது. டாஷ்போர்டில் பிள்ளையாருக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் நடுவில் இடம். அங்கிருந்து டப்பாவுக்கு ஒரு வயர், டப்பாவிலிருந்து ஆம்ப்ளிபயருக்கு ஒரு வயர். பாட்டு ஓடும்போது ஜன்னல் கண்ணாடி கடகடக்கிறது என்று டியூப் ரப்பரை வெட்டி ஒவ்வொரு சட்டத்திலும் திணித்தார் தங்கராசு. பிரேக் கட்டைக்குக்கூட அவர் அவ்வளவு மெனக்கெட்டதில்லை என்று சின்னையன் சொன்னான்.

முதல் நாள் பெரியப்பட்டு மீன்கூடைக்காரம்மா ஏறியதும், "என்னாப்பா, ரேடியோக்கு ஒடம்பு சரியில்லையா? தொப்பு தொப்புன்னு இடிக்கவே மாட்டுது" என்றாள். காலேஜ் பெண்களுக்கும் பேஸ் பத்தவில்லை. தங்கராசு ஒருவரையும் லட்சியம் பண்ணவில்லை. அவர் கவனமெல்லாம் குழலில். வயலின் கேள்வி கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை. யாரோ கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழுந்துபோன மாதிரி ஒரு வெறுமை. பிறகு சரணம்.

பாலன்ஸ் பொத்தானை வலது பக்கம் திருப்பினார். மெல்லிசான சத்தங்களைக் கூட்டினார். இன்னும் கொஞ்சம் கூட்டினார். வலது வரிசையில் உட்கார்ந்தவர்களுக்குக் காது கூசி, ஒவ்வொருவராக இடது பக்கம் நகர்ந்தார்கள். 'அலைமகள்' ஒரு வாரம் இடது பக்கமாகச் சாய்ந்தபடியே சிதம்பரம் போய்வந்தது. தங்கராசுவுக்கு மட்டும் குழல் வரவில்லை.

"கேட்டுச்சா அண்ணே?" என்று சார்லஸ் ஆசையாகக் கேட்டார்.

"கேக்காம? தேனா வருது சார்" என்று தங்கராசு கூசாமல் புளுகினார்.

புளுகியதற்குப் பரிகாரமாக நல்லதாக ஒரு ஹெட்போன் வாங்கினார். இரண்டு காதையும் மூடுகிற பெரிய வகை. பஸ் இரைச்சலில்தான் குழல் அமுங்கிப்போகிறது, வீட்டில் உட்கார்ந்து கேட்டால் வந்துவிடும் என்று கணக்கு. வரவில்லை. மங்கலம் சமையல்கட்டில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் தலையில் கொண்டுபோய் மாட்டினார். கை முழுக்க மீன் செதிலோடு அவள் கண்ணைமூடிக் கேட்டாள்.

"இந்தக் காதுல வயலினு, இந்தக் காதுல கொழலு. நாத்தனாரும் அண்ணியும் பேசிக்கிற மாதிரி இருக்கு. நல்லாத்தான் இருக்கு, கழட்டுங்க, மீனு கெடக்குது" என்றாள்.

ஆறேழு வினாடி கேட்டவளுக்கு வந்த குழல் தனக்கு வரவில்லையே என்று தங்கராசுவுக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. டேப்லெட் பழசு என்றார். டப்பா டூப்ளிகேட் என்றார். வயர் மாற்றினார். சந்தாவைப் பெரிசாக்கினார். சோற்றுக்கு உட்கார்ந்தாலும் அதே யோசனை. மங்கலம் வைத்த மீன் குழம்பைச் சாம்பார் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

ஒரு ஞாயிறு காலை, இட்லி வேகிற நேரம். தங்கராசு கூடத்திலிருந்து கத்தினார்: "வந்துடுச்சு! மங்கலம், கொழல் வந்துடுச்சு!"

மங்கலம் ஓடிவந்தாள். மனிதர் கையைத் தூக்கித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். முகம் பூராவும் சிரிப்பு. திடீரென்று சிரிப்பு நின்றது. "ஆனா வயலினக் காணோமே" என்றார்.

மங்கலம் அவர் தலையையே உற்றுப் பார்த்தாள். "ஏங்க, மாத்தி மாட்டியிருக்கீங்க. ரைட்டுக்கு ஆர்னு போட்டது எடது காதுல இருக்கு" என்று ஹெட்போனைக் கழற்றித் திருப்பி மாட்டினாள். குழல் போய்விட்டது, வயலின் வந்தது. மறுபடி திருப்பினாள். குழல் வந்தது, வயலின் போயிற்று.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மங்கலம் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டுவந்து அவர் வலது காதில் வைத்தாள்.

"ஓடுதா?"

"நின்னுபோச்சா?" என்றார் தங்கராசு.

கடிகாரம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு அந்த வீட்டில் இட்லி கருகியது. தங்கராசுவுக்குக் கவலை பாட்டைப் பற்றியே இல்லை. கனரக வண்டி லைசன்ஸைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. கண்ணும் காதும் சரியாக இருக்கிறது என்று டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். காது கேட்காத டிரைவருக்கு எந்த முதலாளி வண்டி கொடுப்பான்? ஸ்டியரிங்கைத் தவிர வேறெதையும் பிடிக்கத் தெரியாத கை அது. யாருக்கும் மூச்சுவிடக் கூடாது, எந்த டாக்டரிடமும் போகக் கூடாது, கையெழுத்துக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு கட்டினார்.

மங்கலம் சத்தம் போடவில்லை. "காது கேக்காத டிரைவர் ஓட்டுற பஸ்ல நான் ஏற மாட்டேன்" என்றாள்.

"உன்ன யாரு ஏறச் சொன்னது?"

"அப்ப ஊர்ல இருக்கிற புள்ளைங்கள மட்டும் ஏத்துவீங்களா?"

வலது பக்கம் மோட்டார்சைக்கிள் வந்தால் தெரியுமா என்று தங்கராசு தன்னையே கேட்டுக்கொண்டார். தெரிந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் அது கண்ணாடியில் பார்த்துத் தெரிந்ததா, காதால் கேட்டுத் தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை.

மறுநாள் மதியம் சிதம்பரத்தில் சாப்பாட்டுக்கு வண்டி நிற்கிற நேரத்தில் காது டாக்டரிடம் போவது என்று ஏற்பாடு. மங்கலம் சொன்ன சொல் தவறாமல், அவர் பஸ்ஸில் ஏறாமல், கடலூர் துறைமுகம் ஸ்டேஷனில் பாசஞ்சரைப் பிடித்துச் சிதம்பரம் வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். ஓட்டம் பிடித்துவிடுவார் என்ற சந்தேகம்தான்.

டாக்டர் பிரீதா சின்ன வயசுக்காரி. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வலது காதுக்குள் எட்டிப்பார்த்தார். "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார்.

தங்கராசு மங்கலத்தைப் பார்த்தார். மங்கலம் முறைத்தாள். "பஸ் டிரைவருங்க" என்றார் ஈனசுரத்தில்.

"நெனச்சேன்" என்று டாக்டர் ஒரு நீளமான இடுக்கியை எடுத்தார். கொஞ்ச நேரம் குடைந்தார். தங்கராசு கண்ணை இறுக்கிக்கொண்டு, இருக்கிற சாமியெல்லாம் கும்பிட்டார். பொளக் என்று ஒரு சத்தம். உலகம் திடீரென்று வலது பக்கமும் திறந்துகொண்டது. மின்விசிறி சுற்றுவது, வெளியே நர்ஸ் யாரையோ திட்டுவது, மங்கலத்தின் வளையல் சத்தம், எல்லாம் ஒரேயடியாக உள்ளே விழுந்தன.

டாக்டர் தட்டில் போட்டதைத் தங்கராசு பார்த்தார். கருத்து, இறுகி, புளியங்கொட்டை மாதிரி ஒன்று.

"பஞ்சு" என்றார் டாக்டர். "எப்ப வெச்சீங்க?"

அப்போதுதான் தங்கராசுவுக்கு நினைவு வந்தது. அந்த ரோட்டில் டிரைவர்கள் எல்லோருக்கும் இடது காதுப்பக்கம் இன்ஜின், வலது காதுப்பக்கம் ஜன்னல். பின்னால் வருகிற வண்டி வலது பக்கம் ஏறிவந்து முந்தும்போது ஏர்ஹாரனைச் சரியாகக் காதுக்கு நேராக வைத்து அடிப்பான். எதிராளியின் நேரத்தையும் பயணிகளையும் பறித்துக்கொண்டு போகும்போது கூடவே மரியாதையையும் கெடுத்துவிட்டுப் போவதற்கான ஏற்பாடு அது. அதற்காக முதலுதவிப் பெட்டியில் இருந்த பஞ்சை எடுத்து வலது காதில் திணித்துக்கொள்வார் தங்கராசு. போன மழைக்கு முந்தின மழையில் ஒருநாள் பஞ்சைத் தேடினார், காணவில்லை. கீழே விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டார். அதன்பிறகு ஹாரன் அவரைத் தொந்தரவே செய்யவில்லை. பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

"சுத்தமா இருக்கு. காது ஒண்ணும் ஆகல" என்றார் டாக்டர். "சொல்லப்போனா அந்தப் பஞ்சுதான் உங்களக் காப்பாத்தியிருக்கு. அதுவும் இல்லாம வர டிரைவருங்களுக்கு உள்ள நரம்பே போயிருக்கும். அத நாங்க எடுத்துத் தட்டுல போட முடியாது."

லைசன்ஸுக்குக் கையெழுத்துப் போடுவீர்களா என்று தங்கராசு கேட்டார். தாராளமாக என்றார் டாக்டர். தங்கராசு அந்தச் சின்னப் பெண்ணின் காலில் விழாத குறை. மங்கலம் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கொழம்ப சாம்பாருன்னு தின்ன மனுசன்" என்றாள். அதுவும் அவருக்கு வலது காதில் தெளிவாக விழுந்தது.

திரும்பும் ட்ரிப்பில் மங்கலம் டிரைவருக்குப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பாட்டுச் சத்தம் தாங்காமல் தங்கராசுவே பாதியாகக் குறைத்தார். கூட்டி வைத்திருந்ததையெல்லாம் பழையபடி நடுவில் வைத்தார். வெள்ளாற்றுப் பாலம் தாண்டியது. பு.முட்லூரில் ஆள் ஏற்றியாயிற்று. ரோடு காலி. சின்னையனிடம் கையைக் காட்டினார். சின்னையன் டேப்லெட்டில் அந்த மெலடியைத் தட்டினான்.

முதல் சரணம் முடிந்தது. வயலின் வந்தது. கேள்வி கேட்டது. தங்கராசு ஸ்டியரிங்கை இறுக்கிக்கொண்டார். வலது பக்கம், ஜன்னலுக்கு மேலே இருந்த ஸ்பீக்கரில், மெல்ல மூச்செடுத்து, புல்லாங்குழல் வாயைத் திறந்தது.

பாம்ம்ம்ம்!

'வெற்றிவேங்கை' பஸ். டிரைவர் செந்தமிழ்செல்வன். முப்பத்தைந்து வயசு, முறுக்கு மீசை, இந்த ரோட்டில் தங்கராசுவின் நிரந்தரப் போட்டி. வலது பக்கம் உரசுகிற மாதிரி ஏறிவந்து, காதுக்கு நேராக ஹாரனை வைத்து, கையை எடுக்காமல் அடித்துக்கொண்டே முந்திப் போனான். அது ஓய்ந்தபோது குழலும் ஓய்ந்து, சரணம் தொடங்கியிருந்தது.

தங்கராசுவின் வாயிலிருந்து வந்ததை எழுத முடியாது. மங்கலம் காதைப் பொத்திக்கொண்டாள். சின்னையன் விசிலைத் தவறவிட்டான். மனிதர் ஆக்சிலேட்டரை மிதித்த மிதியில் கொத்தட்டை டோல்கேட் பறந்துவந்தது. 'வெற்றிவேங்கை' வரிசையில் நின்றது. தங்கராசு வண்டியை நிறுத்தி, இறங்கி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நடந்தார். இரண்டு வண்டிச் சனமும் ஜன்னலுக்கு வந்துவிட்டது.

"எறங்குடா கீழ!"

செந்தமிழ்செல்வன் பயப்படவில்லை. வாயைப் பிளந்தான். "மாமா, ஒங்களுக்குக் கோவம்கூட வருமா?"

"கொழல் வர நேரத்துல அடிச்சிட்டியேடா பாவி! எத்தினி மாசமா காத்துகெடந்தேன் தெரியுமா?"

"எந்தக் கொழலு?"

பின்னால் கார்க்காரர்கள் கத்த ஆரம்பித்தார்கள். "ஸ்டாண்டுக்கு வா. காட்டுறேன்" என்று சொல்லிவிட்டுத் தங்கராசு திரும்பினார். காட்டுகிறேன் என்றால் கையைத்தான் காட்டப்போகிறார் என்று இரண்டு பஸ் கூட்டமும் நம்பியது. கடலூரில் பாதிப் பேர் வீட்டுக்குப் போகாமல் ஸ்டாண்டிலேயே நின்றார்கள்.

போகிற வழியில் ஆலப்பாக்கத்துக்கு அந்தப்பக்கம் அதே பாட்டை மறுபடி போட்டார். இந்தத் தடவை யாரும் அடிக்கவில்லை. குழல் வந்தது. முழுசாக வந்தது. கேள்விக்குப் பதில் சொல்லி, கொஞ்சம் சிரித்து, கேலி பண்ணி, கடைசியில் விட்டுக்கொடுத்தது. தங்கராசுவுக்குக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைக்கக் கையை எடுக்காமல் வண்டியை ஓட்டினார். இவ்வளவு நல்லதை வைத்துக்கொண்டு எவனுடன் சண்டை போடுவது என்று தோன்றியது. கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

ஸ்டாண்டில் செந்தமிழ்செல்வன் கையை முறுக்கிக்கொண்டு நின்றான். தங்கராசு டேப்லெட்டும் டப்பாவும் ஹெட்போனுமாக வந்தார். ஹெட்போனை அவன் தலையில் மாட்டினார். ஆர் வலது காதில் இருக்கிறதா என்று மங்கலம் ஒருமுறை சரிபார்த்தாள். கூட்டம் ஏமாந்துபோய்க் கலைந்தது.

பாட்டு ஓடியது. செந்தமிழ்செல்வன் தலையை ஆட்டினான். "சூப்பரா இருக்கு மாமா. வயலினு வருது." கொஞ்ச நேரம் ஆயிற்று. "கொழலு எங்க?"

தங்கராசு மங்கலத்தைப் பார்த்தார். ஹெட்போனை எட்டிப் பிடித்துத் திருப்பி மாட்டினார். செந்தமிழ்செல்வன் முகம் மலர்ந்தது. "ஆங், இப்ப வருது மாமா! அருமையா வருது!"

தங்கராசு செல்போன் வெளிச்சத்தை அடித்து, வலது பக்கத்து ஹெட்போனைத் தூக்கி, அந்தக் காதுக்குள் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை. சுத்தமாக இருந்தது. அவன் முகத்துக்கு எதிரே குனிந்து உரக்கக் கேட்டார்: "பஞ்சு கிஞ்சு வெப்பியா மாப்ள?"

"பஞ்சா? நானா?" என்று சிரித்தான் செந்தமிழ்செல்வன். "நான் ஒங்களப் பாத்துதான் மாமா கத்துகிட்டேன். வலது பக்கம் ஏறிவந்து எவ்ளோ அடிச்சாலும் ஒரு முடி அசையாது ஒங்களுக்கு. திரும்பிகூடப் பாக்க மாட்டீங்க. டிரைவருன்னா இப்படி இருக்கணும்னு நானும் காதுல எதுவும் வெக்கல. நீங்களும்தான் சும்மாவா அடிச்சீங்க எனக்கு! நானும் அசையவே இல்லையே?"

தங்கராசு அவனுடைய வலது பக்கம்தான் நின்றுகொண்டிருந்தார்.

"என் காதுல பஞ்சு இருந்துச்சுடா மாப்ள" என்றார்.

"என்னா மாமா?"

அவர் அந்தப் பக்கம் சுற்றிவந்து, இடது பக்கம் நின்று, அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு என்கூட டாக்டரம்மாகிட்ட வா" என்றார்.

"எதுக்கு மாமா? அதான் நல்லா கேக்குதே" என்றான் செந்தமிழ்செல்வன். மாற்றி மாட்டிய ஹெட்போனோடு, இல்லாத வயலினுக்கும் சேர்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.